‘இருட்டாக எடுத்திருக்கிறான்’ என்று சொல்லுமுன்

மலையகத்தில் படம் போட்டுப் பேசுகிற கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் பாடசாலைத் தமிழ் மன்றத்திலும் படம் போட்டு, முடிந்தபின் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இதை எழுதுகிறோம். படம் போடுகிற வேலையும் பேச்சை நடத்துகிற வேலையும் எங்களுக்குப் பழக்கமானவை. அண்மையில் பார்த்த படத்தைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுவது நல்ல காரியம். ஆனால் அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சில வசனங்கள் இருக்கின்றன: ‘இருட்டாக எடுத்திருக்கிறான்.’ ‘பேசுவதே கேட்கவில்லை.’ ‘டிவி சீரியல் மாதிரி இருக்கிறது.’ ‘ஒரே இழுவை.’ ‘ஒளிப்பதிவு அருமை.’ ‘நம்ம வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்கிறார்கள்.’ முதல் மூன்றும் பெரும்பாலும் படத்தின் குறை அல்ல, அதை நாம் பார்த்த கருவியின் குறை. அடுத்த மூன்றும் அரைகுறையாக நிற்கும் தீர்ப்புகள். ஒவ்வொன்றையும் எடுத்து, எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதுகிறோம்.

இருட்டிலிருந்து தொடங்குவோம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், படம் பெரும்பாலும் போனுக்குப் போன் கைமாறி வருகிறது. இரண்டரை மணி நேரப் படம் 400 எம்பி கோப்பாகச் சுருங்கி வந்தால், ஒரு நொடிப் படத்துக்கு ஏறத்தாழ 350 கிலோபிட் தரவுதான் மிஞ்சும். இணையத்தில் முறையாக ஓடும் முழு எச்டி படத்துக்கு வழக்கமாக 5000 கிலோபிட் அளவு தேவை. சுருக்குகிற மென்பொருள் முதலில் கை வைப்பது இருட்டில்தான். கறுப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் வெளுத்த கறுப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் இரவுக் காட்சியில் சுவரும் முகமும் ஒன்றாகி, கட்டம் கட்டமாக உடைகின்றன. தியேட்டரில் ஒளித்துக் கமெராவில் பிடித்த பிரதியென்றால் நிறமும் போச்சு, சட்டகத்தின் ஓரமும் போச்சு. அப்படிப்பட்ட பிரதியை வைத்து ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள். கதையைப் பற்றிப் பேசலாம், வசனத்தைப் பற்றிப் பேசலாம். ஒளியையும் நிறத்தையும் பற்றி அந்தப் பிரதியை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

மண்டபத்தில் புரொஜெக்டரில் போடும்போது இருட்டு வருவதற்கு வேறு காரணம் உண்டு: திரை பெரிது, வெளிச்சம் சிறிது. இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. படம் விழும் இடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வரும் சதுர அடியை 16ஆல் பெருக்குங்கள். அத்தனை லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) திரைக்கு வந்தால் அது தியேட்டர் வெளிச்சம். 6 அடிக்கு 3 அடி 4 அங்குலத் திரை ஏறத்தாழ 20 சதுர அடி. அதற்கு 320 லூமன் வேண்டும். 8 அடிக்கு நாலரை அடியென்றால் 36 சதுர அடி, 576 லூமன். இந்தக் கணக்கு முழு இருட்டான மண்டபத்துக்கும் நல்ல வெள்ளைத் திரைக்கும் பொருந்தும். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தால் இதன் இரட்டிப்பும் போதாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான சிறிய புரொஜெக்டரின் பெட்டியில் 6000, 9000 லூமன் என்று அச்சிட்டிருப்பார்கள். அது திரைக்கு வரும் வெளிச்சம் அல்ல. வாங்குமுன் ‘ஆன்சி லூமன்’, அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல மறுத்தால் வாங்க வேண்டாம். 200 ஆன்சி லூமன் கருவிக்கு ஏற்ற திரை 4 அடி 8 அங்குல அகலம் மட்டுமே. இருபது பேர் நெருங்கி உட்கார்ந்து பார்க்க அது போதும். அதே கருவியை வைத்துச் சுவர் முழுக்கப் படம் விழுத்தினால், கதாநாயகன் இருட்டில் நடப்பது யாருக்கும் தெரியாது. சிறிய திரையில் தெளிவான படம், பெரிய திரையில் மங்கிய படத்தைவிட எப்போதும் மேல். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளைப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிச்சத்தில் ஒரு பங்கு துணியை ஊடுருவிப் பின்னால் போய்விடும். இரண்டு விரிப்பை ஒன்றாகத் தைத்து, பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால், பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் நின்று படத்தின் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கீழ்விளிம்பில் ஒரு பிவிசி குழாயைச் செருகி இழுத்துக் கட்டுங்கள், சுருக்கம் போய்விடும். மண்டபத்தில் நல்ல சமமான சுவர் இருந்தால் துணியே வேண்டாம், பளபளப்பில்லாத வெள்ளை இமல்ஷன் இரண்டு பூச்சுப் போதும். பகலில் போடுகிறீர்களென்றால் யன்னல்களுக்குக் கம்பளியோ கறுப்புப் பொலித்தீனோ கட்டுங்கள். புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு, ‘கீஸ்டோன்’ அமைப்பால் கோணலை நேராக்குவதும் நல்ல பழக்கமல்ல; படத்தின் ஒரு பகுதிப் புள்ளிகள் அதில் வீணாகும். மேசைக்குக் கீழே செங்கல் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் பனிமூட்டம். நுவரெலியா, கந்தப்பளை மாதிரி உயரமான இடங்களில் கதவு திறந்திருந்தால் மூட்டம் உள்ளே வரும். புரொஜெக்டரின் ஒளிக்கற்றை கோடு போட்டதுபோல் கண்ணுக்குத் தெரிந்தால், திரைக்குப் போக வேண்டிய வெளிச்சம் வழியிலேயே சிதறுகிறது என்று அர்த்தம். கதவைச் சாத்துங்கள். குளிரில் தூக்கி வந்த கருவியை ஆள் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் போட்டால் லென்சில் நீர் படியும். படம் புகைமூட்டமாகத் தெரியும். துணியால் துடைத்தால் லென்சில் கோடு விழும். பையைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள், தானாகக் காய்ந்துவிடும்.

அடுத்தது ‘பேசுவதே கேட்கவில்லை’. இன்றைய படங்களில் பலவற்றின் ஒலி ஆறு தடங்களாக வருகிறது: முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று. பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள டிவியிலோ மடிக்கணினியிலோ இந்த ஆறையும் இரண்டாகக் கலக்கும்போது, இசையும் வெடியோசையும் மேலே வந்து பேச்சு அடியில் போய்விடும். கோப்பில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தால் ‘ஸ்டீரியோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வி.எல்.சி. மென்பொருளில் ஒலி விளைவுகள் பகுதியில் ‘கம்பிரசர்’ என்பதை இயக்குங்கள். உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் அது நெருக்கிக் கொண்டுவரும். போனையோ கணினியையோ ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்தால் ஒலி பிந்திவரும், உதடு ஒன்று பேச வார்த்தை பிறகு வரும். 3.5 மி.மீ. கம்பியால் இணையுங்கள். வேறு வழியில்லையென்றால் வி.எல்.சி.யில் ஒலி பிந்தினால் ‘ஜே’ விசையையும் முந்தினால் ‘கே’ விசையையும் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். கீழே ஓடும் எழுத்து பேச்சுக்கு முந்தினால் ‘எச்’, பிந்தினால் ‘ஜி’.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள மண்டபத்தில் எதிரொலி பேச்சைத் தின்னும். ‘கேட்கவில்லை’ என்று குரல் வந்தவுடன் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். முதலில் அடிச்சுருதியை, அதாவது ‘பாஸ்’ என்பதைக் குறையுங்கள். பின்சுவரில் இரண்டு மூன்று கம்பளியை விரித்துத் தொங்கவிடுங்கள். ஸ்பீக்கரைத் திரையின் இரு பக்கத்திலும், உட்கார்ந்தவர்களின் காது உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசையின் முதுகே மறைத்துவிடும்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் இதெல்லாம் உதவாது. ஆகவே மாதத்தைப் பார்த்துப் படத்தைத் தேருங்கள். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. பதுளை, பசறைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழைக் காலமாகிய ஆண்டின் கடைசியும் அடுத்த ஆண்டின் தொடக்கமும். மெதுவாகப் பேசும் படங்களையும் மௌனத்தால் நகரும் படங்களையும் உங்கள் பக்கத்து வெயில் மாதத்துக்கு ஒதுக்குங்கள். மழை மாதத்தில் தமிழ் எழுத்து ஓடும் பிறமொழிப் படம் போட்டால் நட்டமில்லை.

‘சீரியல் மாதிரி இருக்கிறது’ என்பதற்குக் காரணம் பல வேளை டிவியின் ஓர் அமைப்பு. சினிமா நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுவது. புதிய டிவிகள் இரண்டு சட்டகங்களுக்கு இடையில் தாமாகவே இல்லாத சட்டகங்களைச் செய்து நுழைக்கின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு போகும், ஒப்பனையும் செற்றும் பொய்யாகத் தெரியும். சாம்சங்கில் இதன் பெயர் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ‘சூம்’ போடுவதும் தவறு. 2.39க்கு 1 என்ற அகலத் திரைப் படத்தை டிவி நிறைய விரித்தால் இரு பக்கத்திலுமாகக் கால்வாசிப் படம் வெட்டுப்படும். ஓரத்தில் நின்று பேசுகிறவர் காணாமற் போவார். ‘யாரோடு பேசுகிறாள் என்றே தெரியவில்லை’ என்று பிறகு இயக்குநரைக் குறை சொல்வோம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பல சதுரத்துக்கு நெருங்கிய வடிவம் கொண்டவை. அவற்றை டிவி அகலத்துக்கு இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். பட்டை கிடக்கட்டும்.

மின்சாரம் நின்றால் மடிக்கணினி பற்றரியில் ஓடும், புரொஜெக்டர் நிற்கும். பழைய விளக்கு வகைக் கருவியென்றால் மின்சாரம் திரும்பி வந்தவுடன் போட வேண்டாம். விளக்கு ஆறப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு பழுதாகலாம், வெடிக்கவும் கூடும். எல்இடி கருவிக்கு அந்தப் பயமில்லை. அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை: பொது இடத்தில் படம் காட்டுவது உரிமையாளரின் அனுமதியோடு நடக்க வேண்டியது, இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைக் கவனிக்கிறது. குறும்படம், ஆவணப்படம் எடுக்கிறவர்களிடம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். எழுத்தில் வாங்கிக் கோவையில் வையுங்கள்.

இனி பேச்சு. நேரத்தைத் தவறாக வைத்தால் யார் பேசுவார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிடும். மாலை 6 மணிக்குப் படம் என்றால், மலையிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, சமைக்க வேண்டிய பெண்கள் வர மாட்டார்கள். வந்தாலும் பேச்சுக்கு முன் எழுந்து போவார்கள். ஞாயிறு பகல் 2 மணிக்குத் தொடங்குங்கள். இரண்டரை மணிப் படமென்றால் நாலரைக்கு முடியும். கால் மணி தேத்தண்ணிக்கு. ஐந்தே முக்காலுக்குள் பேச்சும் முடிய வேண்டும், தோட்டத்தின் மேல் பிரிவுக்குப் போகிறவர்கள் வெளிச்சத்தோடு போய்ச் சேரட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைப் பக்கத்து அறையில் வையுங்கள். அந்த இருவரில் ஒருவராவது ஆணாக இருக்கட்டும்.

இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். பெரிய வட்டத்தில் நாலு பேர் மட்டும் பேசுவார்கள், மிச்சப் பேர் தலையாட்டுவார்கள். முதல் சுற்றில் தீர்ப்பு கூடாது. ஒவ்வொருவரும் படத்தில் தாம் கண்டதையோ கேட்டதையோ ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு கை அசைவு, ஒரு சத்தம், ஒரு பொருள், ஒரு வசனம். ‘நல்லா இருந்தது’, ‘சரியில்லை’ என்ற சொல் வந்தால் நடத்துகிறவர் மெதுவாகத் திருப்பிக் கேட்கட்டும்: ‘எந்த இடத்தில், அக்கா?’ இருபது பேரும் சொல்லிமுடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். அதற்குள் படத்தின் பாதி மறுபடி மண்டபத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் சுற்றில் கேள்விகள். மூன்றாவதில்தான் பிடித்தது, பிடிக்காதது. ஆசிரியர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் கழகத் தலைவரும் கடைசியில் பேச வேண்டும். மரியாதைக் குறைவென்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் முதலில் பேசினால் பின்னால் வருகிறவர்கள் ‘சேர் சொன்ன மாதிரி’ என்று தொடங்கி அதோடு முடித்துவிடுவார்கள். நட்சத்திர ரசிகர்களுக்குள் வாய்த்தகராறு மூண்டால், முதல் கிழமை வசூலைப் பற்றிய பேச்சை அந்த வட்டத்தில் வைப்பதில்லை என்ற ஒரு விதி போதும், சூடு பாதி தணியும். இடைவேளையில் கருத்துக் கேட்காதீர்கள். நம் படங்கள் பல இடைவேளையில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மறுபாதியில் அதை அவிழ்ப்பவை. பாதியில் ஒரு தீர்ப்பைச் சொன்னவர் மறுபாதியை அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றவே பார்ப்பார்.

‘ஒரே இழுவை’ என்று சொல்கிறவரிடம் நேரம் கேளுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் போனைப் பார்க்கத் தோன்றியது? அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். நமக்கு முன்பே தெரிந்த செய்தியைப் பாத்திரங்கள் மறுபடி பேசுகின்றன. அல்லது பாட்டு கதையை விட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. அல்லது அந்தக் காட்சியில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இவை படத்தின் குறைகள், துணிந்து சொல்லலாம். நாலாவதாக ஒன்றும் உண்டு: காட்சி வேண்டுமென்றே காத்திருக்கிறது, நமக்குக் காத்திருக்கப் பழக்கமில்லை. ஒரு கிழவி அடுப்பை மூட்டுவதை ஒரு நிமிடம் வெட்டாமல் காட்டினால் அது இழுவைதானா என்று அடுப்பு மூட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

நடிப்பைப் பற்றிப் பேசுமுன் குரல் யாருடையது என்று பாருங்கள். மலையாளத்திலிருந்தும் தெலுங்கிலிருந்தும் தமிழுக்கு மாற்றிய படங்களில் நாம் கேட்பது வேறொருவரின் தொண்டை. நேரடித் தமிழ்ப் படங்களிலும் கதாநாயகிக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது பழைய வழக்கம். பெயர்ப் பட்டியலில் அந்தக் கலைஞரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அவருக்கும் பங்கு கொடுத்துப் பேசுங்கள். சிங்களப் படம் போடும்போது இளையவர்களுக்கு விளங்கும், பெரியவர்கள் பலருக்கு விளங்காது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்க்க நாலு பேருக்கு ஒருவரை நியமியுங்கள். அவர்கள் முதல் நாளே படத்தைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்குகிற அவசரத்தில் தாங்களும் பார்க்க மாட்டார்கள்.

‘ஒளிப்பதிவு அருமை’ என்பது மலையில் எடுத்த எந்தப் படத்துக்கும் நம்மவர்கள் கொடுக்கிற சான்றிதழ். பச்சை மலையும் பனியும் அழகு. அதை எந்தப் போனும் பிடிக்கும். ஒளிப்பதிவாளரின் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. முகத்தில் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, காட்சிக்குள் அதற்கு ஒரு யன்னலோ விளக்கோ உண்டா, உச்சி வெயிலில் தலைத்துணி நிழலுக்குள் இருக்கும் கண்களை எப்படிக் காட்டினார், கமெரா யார் கண் உயரத்தில் நிற்கிறது? ட்ரோனில் மேலிருந்து காட்டும்போது தேயிலை கம்பளம் விரித்த மாதிரித் தெரியும், ஆட்கள் புள்ளியாகிவிடுவார்கள். அடுத்த காட்சியில் கமெரா அந்தப் புள்ளிகளிடம் இறங்கி வருகிறதா என்று பாருங்கள். இறங்கி வராத படம் நம் உழைப்பை இயற்கைக் காட்சியாக்கிவிட்டது என்று நாங்கள் எண்ணுகிறோம். அதை அழகு என்று பாராட்ட எங்களுக்கு மனமில்லை.

ஆறாவது வசனத்துக்கு வருகிறோம். ‘நம்ம வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்கிறார்கள்’ என்று கண் கலங்கிச் சொல்கிறவர்களின் உணர்ச்சியை நாங்கள் மதிக்கிறோம். அதோடு நிறுத்தாமல் சோதித்துப் பார்க்கவும் வேண்டுகிறோம். 2013இல் வந்த ‘பரதேசி’ படத்தைப் பார்த்து நம் கதை என்றே பலர் பேசினார்கள். அந்தப் படத்தின் மூலக்கதை, தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் எழுதிய நாவல். துயரம் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் 1948இல் குடியுரிமை பறிபோனதும், 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதும் நமக்கு நடந்தவை. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் நம் வரலாறு பக்கத்து மலையின் வரலாற்றுக்குள் கரைந்து போகும். இங்கேயே, 1975இல், தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தந்தார் என்பதை இளையவர்களுக்குச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் அதன் நினைவைக் கேட்டு எழுதுங்கள்.

தோட்டத்தைக் காட்டும் படத்தைச் சோதிக்க முதல் இடம் லயக் காம்பரா, அதாவது லயத்து வீட்டின் அறை. பழைய காம்பரா 10 அடிக்கு 12 அடி என்பது நமக்கெல்லாம் தெரிந்த அளவு. முழுச்சட்டகக் (‘ஃபுல் ஃபிரேம்’) கமெராவில் 50 மி.மீ. லென்சை மாட்டி 10 அடி தள்ளி நின்றால், குறுக்கே 7 அடிதான் பிடிபடும். 24 மி.மீ. லென்சென்றால் 15 அடி. காம்பராவுக்குள் கமெராவும் அதைப் பிடிக்கிறவரும் நிற்கவே இரண்டு மூன்று அடி போய்விடும். ஆகவே, உள்ளே ஆறு பேர் தாராளமாக நின்று பேச, யாருடைய முகமும் ஓரத்தில் இழுபடாமல், முழு உடம்பும் தெரிந்தால், அது சுவரைக் கழற்றிய செற். செற் போடுவது குற்றமல்ல. அந்த நெருக்கடி தெரியவில்லை என்பதுதான் குறை. பக்கத்துக் காம்பராவின் இருமலும் சண்டையும் சுவர் தாண்டிக் கேட்கிறதா? கேட்காவிட்டால் ஒலிப்பதிவாளர் லயத்தில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

அடுத்து மலை. கொழுந்து எடுக்கிற கையைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலால் ஒடித்து, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிகிறார்களா, அல்லது ஒவ்வோர் இலையாகக் கிள்ளிச் சிரித்துக்கொண்டு போடுகிறார்களா? நாள்தோறும் கொழுந்து எடுக்கிறவரின் விரல்நுனி தேயிலைச் சாற்றில் கறுத்து வெடித்திருக்கும். முகத்துக்குப் புழுதி பூசி, கையை வெள்ளையாக விட்டுவிடுகிற ஒப்பனையை நம் அக்காமார் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். பாரம் அடுத்தது. நாள் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைத்து, மூன்று முறை நிறுவை நடந்தால், ஒவ்வொரு முறையும் ஆறு கிலோவாவது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையாகிய மடுவத்துக்கு வரவேண்டும். தலையில் மாட்டிய கயிற்றில் ஆறு கிலோ தொங்கினால் கழுத்து முன்னுக்குச் சாயும், இறக்கத்தில் கால் பக்கவாட்டில் வைக்கும். கூடைக்குள் கடதாசியைத் திணித்து மேலே இலையைத் தூவியிருந்தால் நடையே காட்டிக்கொடுக்கும். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைத் தறித்துவிட்ட, மலையில் பல கிழமைகளுக்கு எடுக்கக் கொழுந்தே இருக்காது. ஒரே வாரக் கதையில் ஒரே மலையில் கவ்வாத்தும் கொழுந்துப் பாட்டும் வந்தால் எழுதியவர் கேட்டறியவில்லை. கணக்கப்பிள்ளை நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார், எதன் பேரில் கழிக்கிறார் என்று படம் காட்டுகிறதா? அந்தக் கழிவைக் காட்டாமல் தோட்டத்து வறுமையைக் காட்டுகிற படம் காரணத்தை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

காலத்தையும் சரிபாருங்கள். கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது 1975இல். முகாமைத்துவம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போனது 1992இல். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021இல். எண்பதுகளில் நடக்கும் கதையில் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தால் கேள்வி கேட்கலாம். பேச்சையும் கேளுங்கள். இலங்கைத் தமிழர் என்றவுடன் எல்லாப் பாத்திரத்துக்கும் யாழ்ப்பாணத் தமிழைக் கொடுத்துவிடுகிற வழக்கம் தமிழ்நாட்டுப் படங்களில் உண்டு. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது), காம்பரா, இஸ்தோப்பு (முன் விறாந்தை), மடுவம், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்ற சொற்கள் அதனதன் இடத்தில் வருகின்றனவா? பாட்டியும், கொழும்பில் கடையில் வேலை செய்து சிங்களம் கலந்து பேசும் பேரனும், ஒரே மாதிரிப் பேசினாலும் அது தவறுதான். இந்தப் பகுதியை நடத்த விமர்சகர் வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்களையும் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிறவர்களையும் நடுவில் உட்காரவைத்துக் கேளுங்கள். இதில் அவர்கள்தான் நிபுணர்கள்.

பேசியதை எழுதிவைக்கும் முறையையும் சொல்லி முடிக்கிறோம். மண்டபத்தில் ஒரு சிஆர் கொப்பியை (தடித்த அட்டைக் குறிப்பேட்டை) நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மேலே படத்தின் பெயர், ஆண்டு, மொழி, மொழிமாற்றமா மூலமா, எதில் பார்த்தது, முழுமையாகவா பாதியாகவா. கதைச் சுருக்கம் நாலு வரிக்குள், இடைவேளைக்குப் பின் நடப்பதைச் சொல்லாமல். பிறகு ஒரே ஒரு காட்சியை, பார்க்காதவருக்கும் கண்ணில் தெரிகிற மாதிரி, ஐந்தாறு வரியில் எழுத வேண்டும். அந்தக் காட்சியை வைத்துத்தான் கருத்து. இயக்குநர், நடிகர் தவிர இன்னும் ஒருவரின் பெயராவது இருக்கட்டும்: படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், கலை இயக்குநர். பார்த்த மறுநாளுக்குள், பிறர் விமர்சனத்தை வாசிக்குமுன் எழுதுங்கள். எழுதப் பழக்கமில்லாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தை இந்தக் கிழமையே நிரப்பலாம். அளவுநாடாவைக் கொண்டுபோய் உங்கள் திரையை அளந்து, 16ஆல் பெருக்கி, வந்த எண்ணையும் உங்கள் கருவியின் ஆன்சி லூமனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தோழமையுடன்,
மலையகத்தில் படம் போடுகிறவர்களும் பேச்சை நடத்துகிறவர்களுமான சிலர்